40, 350, 2000, 5525: வண்டி மேல இருக்கிற நம்பர் எதை அளக்குது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எந்த நேரத்துல போனாலும் ரெண்டு விஷயம் கண்ணுல படும். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிக்கிற கண்டெய்னர் லாரிங்க. அந்த லாரியோட முகத்துல 5525னு ஒரு நம்பர் இருக்கும். லாரிக்கும் லாரிக்கும் நடுவுல புகுந்து போற புல்லட்ல 350. பின்னாடி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வர்ற காரோட டிக்கில 1.2. தினமும் பார்க்கிற நம்பர்தான். ஆனா அந்த மூணும் எதை அளக்குதுன்னு கேட்டா, "எஞ்சின் சைஸ் தானே?"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம்.

மூணும் ஒரே விஷயத்தை அளக்கல. இந்த எபிசோடுல அதோட வரலாறத்தான் பார்க்கப் போறோம். அதுக்கு வடசென்னைய விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வண்டிக்கு நம்பர் வைக்கிறதுல எத்தன விதம் உண்டோ, அதுல முக்கியமானது எல்லாம் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவுல இருக்கிற தொழிற்சாலைகள்ல இருந்து ரோட்டுக்கு வந்திருக்கு.

கேட்கும்போது ஒரு விஷயத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வண்டி மேல நம்பர் எழுதுறது கம்பெனி. ஆனா எதை அளந்து எழுதணும்கிறத பெரும்பாலும் வேற யாரோதான் தீர்மானிக்கிறாங்க. சில சமயம் வரி வாங்குற அரசாங்கம், சில சமயம் எடை போடுற சட்டம், சில சமயம் ஷோரூம்ல நிக்கிற நாம.

எண்ணூர், 1949: "40"னா என்ன?

1948 செப்டம்பர்ல ரகுநந்தன் சரண்னு ஒரு தொழிலதிபர் மெட்ராஸ்ல ஒரு கார் கம்பெனி ஆரம்பிக்கிறார். தன் பையன் பேரையே வைக்கிறார்: அசோக் மோட்டார்ஸ். எண்ணூர்ல ஃபேக்டரி. இங்கிலாந்துல இருந்து பாகங்கள் வரும், இங்க பூட்டி விக்கணும். 1949ல முதல் கார் வெளிய வருது. அதோட பேரு ஆஸ்டின் ஏ40.

அந்தக் காருக்கு 1200 சிசி எஞ்சின். அப்ப 40ங்கிறது எங்க இருந்து வந்தது? குதிரைத்திறன். அந்த எஞ்சின் 40 குதிரைத்திறன் கொடுத்தது, அதையே பேரா வச்சுட்டாங்க. இன்னைக்குக் கேட்டா ரொம்ப சாதாரணமா தெரியுது. ஆனா 1947ல இந்தக் கார் இங்கிலாந்துல அறிமுகமானப்ப, இப்படிப் பேர் வைக்கிறதே புதுசு.

ஏன்னா அதுக்கு முன்னாடி ஆஸ்டின் கம்பெனி காருங்களோட பேரு எல்லாம் செவன், எய்ட், டென், ட்வெல்வ்னு இருக்கும். அதுவும் குதிரைத்திறன்தான். ஆனா அது எஞ்சின் கொடுக்கிற குதிரைத்திறன் இல்ல, வரி ஆபீஸ் கணக்குல வர்ற குதிரைத்திறன். பிரிட்டன்ல ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு ஃபார்முலா வச்சிருந்தது. பிஸ்டனோட குறுக்களவ அங்குலத்துல எடு. அத வர்க்கப்படுத்து. எத்தன சிலிண்டரோ அதால பெருக்கு. 2.5ஆல வகு. வர்ற நம்பர்தான் உன் காரோட குதிரைத்திறன். 1921ல இருந்து ஒரு குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு பவுண்டு வரி.

இந்த ஃபார்முலாவ இன்னொரு தடவ பாருங்க. பிஸ்டன் எவ்வளவு அகலம்னு கேக்குது. எவ்வளவு தூரம் மேல கீழ போகுதுன்னு கேக்கவே இல்ல. ஸ்ட்ரோக் அப்படிங்கிற அளவே கணக்குல கிடையாது. ஒரு இன்ஜினியருக்கு இப்படி ஒரு ஓட்டை தெரிஞ்சா என்ன பண்ணுவார்? பிஸ்டன ஒல்லியாக்கிட்டு, ஸ்ட்ரோக்க நீளமாக்குவார். வரி குறைவு, எஞ்சின் பெருசு. பிரிட்டன்ல இருபது முப்பது வருஷத்துக்கு எஞ்சின்கள் அப்படித்தான் ஒல்லியும் உயரமுமா வளர்ந்தது. வரிக்காக வந்த ஒரு ஃபார்முலா, உலோகத்தோட வடிவத்தையே மாத்திடுச்சு.

நம்ம ஏ40யையே அந்தக் கணக்குல போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் குறுக்களவு 65.5 மில்லிமீட்டர், அதாவது சுமார் 2.58 அங்குலம். வர்க்கம் 6.65. நாலு சிலிண்டர், 2.5ஆல வகுத்தா 10.6. அதாவது பழைய முறை தொடர்ந்திருந்தா, அதே எஞ்சின் வரி புக்குல பத்து, பதினோரு குதிரைதான். போருக்கு அப்புறம் 1947-48ல இந்த வரிமுறைய பிரிட்டன் கைவிட்டது. வரி ஆபீஸ் பார்க்காத நம்பர மறைச்சு வைக்க வேண்டிய அவசியம் இல்லையே. உண்மையான 40 பேட்ஜுக்கு வந்துடுச்சு. எண்ணூர்ல பூட்டப்பட்ட முதல் கார் அந்த மாற்றத்த பேர்லயே சுமந்துக்கிட்டு வந்த கார்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. 1958ல இங்கிலாந்துல ஏ40 ஃபரினான்னு ஒரு புதுக் கார் வந்தது. அதுல 948 சிசி எஞ்சின், 34 குதிரைத்திறன். அதே காலத்துல ஏ35னு ஒரு கார் ஓடிக்கிட்டு இருந்தது. அதுலயும் இதே 948 சிசி, இதே 34 குதிரை. ஒரே எஞ்சின், ஒண்ணு 35, இன்னொண்ணு 40. பத்து வருஷத்துல அளவா இருந்த நம்பர் வெறும் பேரா மாறிடுச்சு. "ஏ40"னா ஜனங்களுக்குத் தெரியும், விக்கும். அவ்வளவுதான் காரணம்.

திருவொற்றியூர்: ஒரே 350, நாலு எஞ்சின்

எண்ணூர்ல இருந்து தெற்க கொஞ்ச தூரம் வந்தா திருவொற்றியூர். இந்திய ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் 800 வேணும்னு ஒரு ஆர்டர். அதுல இருந்து வளர்ந்து, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சாங்க. முதல்ல பாகங்கள் கப்பல்ல வந்தது. அப்புறம் அச்சுகளும் மெஷின்களும் வந்தது. 1962 வாக்குல முழு வண்டியும் இங்கயே தயாராகிடுச்சு. ரெட்டிச்ல கம்பெனிய மூடின பிறகும் திருவொற்றியூர்ல புல்லட் ஓடிக்கிட்டே இருந்தது.

இங்க 350ங்கிறது குதிரைத்திறன் இல்ல, கொள்ளளவு. பிஸ்டன் குறுக்களவு 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், ஒரே சிலிண்டர். கணக்குப் போட்டா 346 சிசி. பேருக்கு 350.

இப்ப கவனிங்க. 1950கள்ல வந்த புல்லட்லயும் 350. இப்ப ஷோரூம்ல இருக்கிற புல்லட்லயும் 350. நடுவுல எஞ்சின் எத்தன தடவ மாறிச்சு?

முதல் எஞ்சின், காஸ்ட் அயர்ன். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. இதுதான் 2000க்கு அப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. ரெண்டாவது, ஆஸ்திரியாவோட ஏவிஎல் நிறுவனத்தோட உதவியில உருவான அலுமினிய எஞ்சின். மச்சிஸ்மோலயும் 2002ல வந்த தண்டர்பேர்டுலயும் பார்த்திருப்பீங்க. மூணாவது, 2008ல தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்ல வந்த யூசிஇ. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள. 2009ல வந்த கிளாசிக் இந்தக் குடும்பம். நாலாவது, 2020 நவம்பர்ல மீட்டியார் 350ல அறிமுகமான ஜே சீரிஸ். இதுதான் 2023 செப்டம்பர்ல புல்லட்டுக்கும் வந்தது.

முதல் மூணும் அதே 70 பெருக்கல் 90, அதே 346 சிசி. நாலாவதுல குறுக்களவு 72, ஸ்ட்ரோக் 85.8, கொள்ளளவு 349 சிசி. பழைய புஷ்ராட் போய், கேம்ஷாஃப்ட் தலைக்கு மேல ஏறிடுச்சு. அதிர்வக் குறைக்க பேலன்ஸர் வந்துடுச்சு. சுருக்கமா சொன்னா ஒரு போல்ட்டு கூட பழசுக்கும் புதுசுக்கும் ஒத்துப்போகும்னு நம்ப முடியாது. நம்ம சாஃப்ட்வேர் பாஷைல, வேரியபிளோட பேரு அப்படியே இருக்கு, உள்ள இருக்கிற கோட மொத்தமா திரும்ப எழுதிட்டாங்க.

பவர் எவ்வளவு கூடுச்சு? காஸ்ட் அயர்ன்ல சுமார் 18 குதிரை. ஜே சீரிஸ்ல 20 குதிரைக்குக் கொஞ்சம் மேல. நாலு எஞ்சின் மாத்தி ரெண்டு குதிரைதான் லாபம். ஆனா புகை, எண்ணெய்க் கசிவு, அதிர்வு, பராமரிப்பு எல்லாமே தலைகீழா மாறிடுச்சு. பேட்ஜ் அளக்காத இடத்துலதான் மாற்றம் எல்லாம் நடந்தது.

இது வெறும் ரசிகர் சண்டைக்கான விஷயம் இல்ல. செகண்ட் ஹேண்ட்ல "புல்லட் 350"னு போட்டிருக்கிற விளம்பரத்தப் பார்த்து ஒருத்தர் வண்டி வாங்குறார்னு வைங்க. காஸ்ட் அயர்னா, யூசிஇயாங்கிறதப் பொறுத்து ஸ்பேர் மாறும், மெக்கானிக் மாறும், கியர் எந்தக் கால்ங்கிறதே மாறும். இடது கால்ல கியர் போட்டுப் பழகினவர், பழைய வண்டில ஏறி அவசரத்துல வலது கால அழுத்தினா அங்க பிரேக் இருக்காது. டேங்க்ல இருக்கிற நம்பர் இத எச்சரிக்காது.

எச்சரிக்கிறது பக்கத்துல இருக்கிற சின்ன எழுத்துங்க. எலெக்ட்ரா பேருக்குப் பின்னாடி 5எஸ்னு இருந்தா அஞ்சு கியர். ட்வின்ஸ்பார்க்னு இருந்தா ரெண்டு ஸ்பார்க் பிளக், அதாவது யூசிஇ எஞ்சின். பெரிய நம்பர் குடும்பப் பேரு மாதிரி. ஆளு யாருன்னு தெரியணும்னா இனிஷியலப் பார்க்கணும்.

வண்டலூர் பக்கம் ஒரு "2000"

வடசென்னைய விட்டு ஒரு நிமிஷம் நகரத்தோட தெற்கு எல்லைக்குப் போகணும். காரணம் இருக்கு. நம்பர் பொய் சொல்லாமலே ஏமாத்தினதுக்கு சென்னைல இத விட நல்ல உதாரணம் இல்ல.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோட ஃபேக்டரி இருந்தது. ஹெரால்டு, கஸல் எல்லாம் அங்கதான் தயாராச்சு. 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒரு பெரிய கார் கொண்டு வந்தாங்க. பாடி, இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1. 1977ல ஐரோப்பாவோட சிறந்த கார்னு விருது வாங்கின டிசைன். அந்தக் காலத்து மெட்ராஸ் ரோட்டுல அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சுத்தி எல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும்தான்.

இங்கிலாந்துல விற்ற ரோவர் 2000ல 1994 சிசி எஞ்சின், தலைக்கு மேல கேம்ஷாஃப்ட், நூறு குதிரைக்கு மேல பவர். சென்னையில வந்த 2000ல 1991 சிசி எஞ்சின். மூணு சிசிதான் வித்தியாசம். ஆனா இந்த எஞ்சின், 1940கள்ல ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்காக வரைஞ்ச குடும்பம். இதே குடும்பம் ஃபெர்குசன் டிராக்டர்ல உழுதிருக்கு, ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்ல பறந்திருக்கு. நல்ல உழைப்பாளி எஞ்சின், சந்தேகமே இல்ல. ஆனா 1985ல, அந்த கனமான பாடிக்கு, சுமார் 83 குதிரைத்திறன்.

பேட்ஜ் சொன்னது சரி. 1991 சிசிய 2000னு சொல்றதுல தப்பே இல்ல. ஆனா அந்தக் கார வாங்கினவர் ரோவர் 2000ஓட பேர வாங்கினார், எஞ்சின வாங்கல. 1988லயே ஃபேக்டரி நின்னுடுச்சு. அதுக்குக் காரணம் இந்த எஞ்சின் மட்டும் இல்ல. ஆனா காரப் பார்த்து வந்தவங்களக் கடைசி வரைக்கும் தக்க வைக்க அந்த நம்பரால முடியல.

இதுக்கு நேர் எதிரா, எஞ்சினத்தான் பெருமையா காட்டின பேட்ஜும் அதே காலத்துல உண்டு. பிரீமியர் 118என்இ. பழைய ஃபியட் பாடிக்குள்ள நிஸான் எஞ்சின், 1171 சிசி. என்இனா நிஸான் எஞ்சின். அம்பாசடர்லயும் 1990கள்ல 1800 ஐஎஸ்இசட்னு ஒண்ணு வந்தது, இசுசு எஞ்சினோட. பாடி பழசுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எஞ்சின் புதுசுன்னு பின்னாடி எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. எது புதுசோ அது பேட்ஜுக்கு வரும்.

மறுபடி எண்ணூர்: நம்பர்ல எடை ஏறுது

அசோக் மோட்டார்ஸ் கார்லயே நிக்கல. 1950லயே பிரிட்டன் லேலண்டோட ஒப்பந்தம், காமெட் லாரி எண்ணூர்ல தயாராக ஆரம்பிச்சது. 1955ல கம்பெனி பேரே அசோக் லேலண்டுனு ஆச்சு. ஒரு காலம் வரைக்கும் லாரிகளுக்குப் பேருதான்: காமெட், பீவர், ஹிப்போ, டஸ்கர். பேரப் பார்த்தா நீர்யானை மாதிரி பெருசுன்னு புரியும், எவ்வளவு பெருசுன்னு புரியாது.

அப்புறம் நாலு இலக்க நம்பர் வந்தது. 1616னா, முதல் 16 வண்டியோட மொத்த எடை டன்ல, அதாவது லாரியோட சொந்த எடையும் சரக்கும் சேர்த்து. ரெண்டாவது 16ஐ பத்தால பெருக்கினா 160 குதிரைத்திறன். 2516னா 25 டன், அதே 160 குதிரை. டாடாவோட 1210, 1612 எல்லாமும் இதே கணக்குதான். ஆரம்பத்துல சொன்ன 5525, 55 டன் இழுக்கிற 250 குதிரை. சிசி பத்தி இந்த பேட்ஜ்ல பேச்சே இல்ல.

ஏன்? லாரி வாங்குறவருக்கு ரெண்டே கேள்வி. எவ்வளவு ஏத்தலாம், இழுக்குமா? முதல் கேள்விக்குப் பதில் எஞ்சின்கிட்ட இல்ல, சட்டத்துகிட்ட இருக்கு. ரெண்டு அச்சு லாரிக்கு 16.2 டன், மூணு அச்சுக்கு 25 டன்னு சட்டம் சொன்னதாலதான் நாட்டுல இவ்வளவு 16ம் 25ம் ஓடுச்சு. 2018 ஜூலைல மத்திய அரசு அந்த வரம்ப உயர்த்தினது. மூணு அச்சுக்கு 28.5 டன். அதுக்கப்புறம் வந்த லாரி முகத்துல 28னு ஆரம்பிக்கிற நம்பர், உதாரணமா 2820. சட்டப் புத்தகத்துல ஒரு வரி மாறினா எண்ணூர் ரோட்டுல பேட்ஜ் மாறுது.

அதனால அந்த முதல் ரெண்டு இலக்கம் வெறும் மாடல் நம்பர் இல்ல. அது ஒரு எல்லை. அதத் தாண்டி ஏத்தின லாரி மணலி பக்கம் ஒரு வளைவுல திரும்பும்போது, அதோட பிரேக்கும் டயரும் எந்த எடைக்காகச் செஞ்சதுன்னு முகத்துலயே எழுதியிருக்கு. பக்கத்துல டூ வீலர்ல போறவங்க படிக்க வேண்டிய நம்பர் அதுதான்.

வரி திரும்பி வருது

பிரிட்டனோட குதிரை வரி எப்பவோ முடிஞ்ச கதைன்னு நினைக்காதீங்க. 2006 பட்ஜெட்ல சிறிய காருக்கு உற்பத்தி வரிய 24 சதவீதத்துல இருந்து 16க்கு இறக்கினாங்க. சிறிய கார்னா என்ன? நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள. அதுக்கப்புறம் நம்ம ஊர் டிக்கிகள்ல 1.2 பெருகினது. ஸ்விஃப்ட்ல இருந்த 1298 சிசி எஞ்சின் 2010ல 1197 ஆச்சு. வேற வேற கம்பெனிகளோட எஞ்சின எடுத்துப் பாருங்க. 1196, 1197, 1198, 1199. இவ்வளவு பேரும் தற்செயலா ஒரே இடத்துல வந்து நிக்கல. கோடு 1200ல இருக்கு.

அந்த 1.2க்குள்ளயும் ஒளிஞ்சிருக்கிற விஷயம் உண்டு. 2010ல இருந்து ஒரகடத்துல தயாரான நிஸான் மைக்ரா, எண்ணூர் துறைமுகம் வழியா ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுச்சு. அங்க 1.2ன்னே ரெண்டு விதம். ஒண்ணு 80 குதிரை. டிஐஜி-எஸ்ங்கிற எழுத்து இருந்தா, சூப்பர்சார்ஜர் சேர்த்து 98 குதிரை. லிட்டர் ஒண்ணுதான், பின்னாடி நாலு எழுத்துக்கு 18 குதிரை.

இப்ப கடைசி காட்சி. 2025 செப்டம்பர் 22ல இருந்து பைக்குக்கான ஜிஎஸ்டி ரெண்டா பிரிஞ்சது. 350 சிசி வரைக்கும் 18 சதவீதம். அதுக்கு மேல போனா 40. திருவொற்றியூர் வண்டியோட கொள்ளளவு 349. கோட்டுக்கு ஒரே ஒரு சிசி இந்தப் பக்கம். எழுபது வருஷமா பழக்கத்துல ஓடிக்கிட்டு இருந்த அந்த 350, திடீர்னு பில்லுல ஆயிரக்கணக்கான ரூபா வித்தியாசம் காட்டுற நம்பர் ஆயிடுச்சு. ஆஸ்டின் செவன் காலத்துல இங்கிலாந்துல என்ன நடந்ததோ, அதேதான். பேட்ஜப் படிக்கிற முதல் ஆள் மறுபடியும் வரி ஆபீஸர்.

வெளிநாட்டு சொகுசு கார்களும் இதுக்கு விதிவிலக்கு இல்ல. மெர்சிடிஸ் சி63ல ஒரு காலத்துல 6.2 லிட்டர் வி8. அடுத்த தலைமுறைல 4 லிட்டர். 2022ல வந்ததுல 2 லிட்டர், நாலே சிலிண்டர், கூட ஹைப்ரிட். பேட்ஜ்ல இன்னும் 63.

அப்ப பேட்ஜ நம்பலாமா, கூடாதா? படிக்கத் தெரிஞ்சா நம்பலாம். நம்பரப் பார்த்ததும் மூணு கேள்வி கேளுங்க. இது எதோட அளவு: சிசியா, குதிரையா, டன்னா? இந்த அளவு யாருக்குத் தேவைப்பட்டது? பக்கத்துல இருக்கிற சின்ன எழுத்து என்ன சொல்லுது? அப்புறம், பழைய வண்டி வாங்கும்போது பேட்ஜ விட்டுட்டு ஆர்.சி. புக்கத் திறங்க. சிசியும் எஞ்சின் நம்பரும் தயாரிச்ச வருஷமும் அங்க இருக்கும். பேட்ஜ் நூறு ரூபாக்கு புதுப்பேட்டைலயே கிடைக்கும். எஞ்சின் அப்படிக் கிடைக்காது.

உங்க வீட்டு வண்டில புரியாத ஒரு எழுத்தோ நம்பரோ இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல உட்கார்ந்து பிரிச்சுப் பார்க்கலாம்.